விரிசல் விட்ட மூன்று கட்டை டார்ச்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், எழுபதைத் தாண்டிய விவசாயி ஒருவர் வைத்திருந்த பித்தளை டார்ச் லைட்டைப் பற்றியது இந்தப் பதிவு. பழைய டார்ச்சுகளைப் பழுது பார்ப்பதும், தேவைப்பட்டால் உள்ளே மாற்றங்கள் செய்வதும் எனக்கு நீண்ட நாள் பொழுதுபோக்கு. இதை என்னிடம் கொண்டுவந்தவர் அவருடைய மகள், பள்ளி ஆசிரியை. இருவரின் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

மூன்று பெரிய பேட்டரிக் கட்டை போடும் டார்ச் அது. உடல் பித்தளைக் குழாய், மேலே நிக்கல் முலாம், தலைப்பக்கம் கண்ணாடி, பக்கவாட்டில் தள்ளும் சுவிட்ச், அதன் அருகில் விட்டுவிட்டு எரியவைக்க ஒரு பட்டன். அந்தக் காலத்தில் எவரெடி, ஜீப் என்று தெரிந்த பெயர்களோடு, அதே உருவத்தில் பெயரில்லாத டார்ச்சுகளும் கடைகளில் கிடைத்தன. இதன் அடிமூடியில் இருந்த எழுத்து தேய்ந்துவிட்டதால் யார் தயாரிப்பு என்று சொல்ல முடியவில்லை.

பெரியவர் இதை எதற்குப் பயன்படுத்தினார் என்பதை முதலிலேயே சொல்லியாக வேண்டும். பின்னால் எடுத்த முடிவுகள் பெரும்பாலும் அதிலிருந்துதான் வந்தன. பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் பல நாள் இரவில் வரும். வந்ததும் வரப்பு வழியே மோட்டார் கொட்டகைக்குப் போய், மோட்டாரைப் போட்டு, மடையைத் திறந்துவிட்டுத் திரும்ப வேண்டும். அந்த நேரத்தில் வரப்பில் நடப்பவருக்கு உள்ள பயம் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும்தான். கையில் இருக்கும் வெளிச்சம் காலடியில் கிடப்பது கயிறா, வைக்கோலா, வேறு ஏதாவதா என்று காட்ட வேண்டும்.

டார்ச் எரியாமல் போன பிறகு மகள் கடையில் சார்ஜ் ஏற்றும் எல்இடி டார்ச் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். பெரியவருக்கு அந்த நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் பிடிக்கவில்லை. மூலையில் போட்டுவிட்டார். சார்ஜ் இல்லாமல் கிடந்தே அதன் பேட்டரி செத்துப்போனது. அப்புறம் மகள் என்னிடம் சொன்னது: “அப்பாவுக்கு அந்தப் பழைய லைட்டுதான் வேணுமாம் சார். ஆனா முன்ன மாதிரி மங்கலா இல்லாம எரியணும்.”

வந்தபோது இருந்த நிலை

அடிமூடி கையால் திருகினால் திறந்தது. தலைப்பக்கம் அசையவே இல்லை. அடிமூடியின் ஸ்பிரிங்குக்குள் காகிதத்தில் சுற்றிய உபரி பல்பு ஒன்று பத்திரமாக இருந்தது. 3.8 வோல்ட், 0.3 ஆம்பியர், மரை வைத்த சின்ன பல்பு. பழைய டார்ச்சுகளில் இப்படி ஒரு மாற்று பல்பு ஒளிந்திருக்கும். நிறையப் பேர் அதைக் கவனிக்காமலே ஸ்பிரிங்கோடு தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

உள்ளே மூன்று கட்டைகளும் இருந்தன, மூன்றும் ஒழுகியிருந்தன. கட்டைகள் ஒரே சமயத்தில் வாங்கியவையாகத் தெரியவில்லை. விசாரித்ததில், தீர்ந்துபோன கட்டைகளை ஓட்டின் மேல் வெயிலில் காயவைத்து, அதில் கொஞ்சம் தேறியதைப் புதுக் கட்டையோடு சேர்த்துப் போடும் வழக்கம் வீட்டில் இருந்தது தெரிந்தது. நம் ஊரில் யார் வீட்டில்தான் இல்லை? வெயில் சூட்டில் கட்டை சற்று நேரம் உயிர் பெறுவது உண்மை. ஆனால் பலவீனமான கட்டையைப் பலமான இரண்டோடு வரிசையில் கோத்தால், அது முழுவதும் தீர்ந்த பிறகும் மற்ற இரண்டும் அதன் வழியே மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். சாதாரணக் கட்டையில் வெளி டப்பாவே துத்தநாகம். மின்சாரம் தரத் தர அந்தச் சுவர்தான் கரைகிறது. தீர்ந்த பிறகும் வேலை வாங்கினால் சுவர் ஓட்டையாகி உள்ளே இருப்பது வெளியே வரும்.

மகள் என்னிடம் கொண்டுவருவதற்கு முன் வெளிப்பக்கத்தைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, பிறகு கடையில் வாங்கிய பித்தளை பாலிஷும் போட்டிருக்கிறார். நிக்கல் முலாம் ஏற்கெனவே பல இடங்களில் போயிருந்ததால் பித்தளை பளபளவென்று தெரிந்தது. இந்த பாலிஷ் விஷயம் பின்னால் முக்கியமாகிறது.

தலைப்பக்கத்து மரைக்குக் கீழே, குழாயின் நீளவாக்கில், மயிரிழை போல ஒரு கோடு. கீறலா விரிசலா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடியைத் தூவினேன். சற்று நேரத்தில் பொடியில் மெல்லிய ஈரக்கோடு எழுந்தது. உள்ளே இறங்கிய எண்ணெய் திரும்பி ஊறி வருகிறது என்றால் அது விரிசல். ரயில்வே பட்டறைகளில் அச்சுகளைச் சோதிக்க எண்ணெயும் சுண்ணப் பொடியும் பயன்படுத்திய பழைய முறைதான் இது. நீளம் சுமார் 15 மில்லிமீட்டர்.

ஏன் விரிந்தது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். பித்தளை டார்ச் வைத்திருப்பவர்களில் பலர் ஒழுகல் என்றால் கறை, துரு என்று மட்டும் நினைக்கிறார்கள்.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் ராணுவம் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் மழைக்காலத்தில் யாரும் தொடாமலே பிளந்தன. குதிரை லாயங்களில் சேமித்து வைத்திருந்தவை அவை. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவும், மழைக்காலத்து ஈரமும், உறையை இழுத்து உருவாக்கியபோது உலோகத்துக்குள்ளேயே தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்துதான் காரணம் என்பது 1921இல் தெளிவானது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பிளவு வராது. மூன்றும் இருந்தால், பலமான பித்தளையும் கண்ணாடி போல விரியும். துத்தநாகம் அதிகம் கலந்த பித்தளைக்கு இந்த ஆபத்து கூடுதல்.

நம் டார்ச்சில் மூன்றும் இருந்தன. இழுத்துச் செய்த குழாய், அதில் உருட்டிப் போட்ட மரை, ஆகவே இறுக்கம் உண்டு. தலைப்பக்கத்துக் கட்டை வீங்கி உள்ளிருந்து குழாயை விரித்துக்கொண்டிருந்தது, அது இன்னொரு இறுக்கம். ஈரத்துக்கு டெல்டாவில் பஞ்சமில்லை. மிச்சம் அமோனியா. பழைய வகைக் கட்டைகளில் உள்ள பசையில் அமோனியம் குளோரைடு இருக்கும். புதியவற்றில் துத்தநாகக் குளோரைடுதான் அதிகம். இவை எந்த வகை என்று மேலுறையை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஒழுகிக் காய்ந்த வெள்ளைப் பொருக்கில் கொஞ்சம் சுரண்டி, பெரியவரின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து வாங்கிய சுண்ணாம்பைத் துளி சேர்த்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். மூக்கைத் துளைக்கும் நெடி உடனே வந்தது. பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் அமோனியா தயாரிக்கும் அதே வழி.

போதாக்குறைக்கு, பித்தளைக்கென்று விற்கும் பாலிஷ்களில் சிலவற்றிலும் அமோனியா உண்டு. மகள் போட்டது அந்த வகையா என்று டப்பாவைப் பார்த்து உறுதிசெய்ய முடியவில்லை. டப்பா குப்பைக்குப் போய்விட்டிருந்தது.

கட்டைகளை எடுத்த விதம்

வழக்கமாகத் தலையைக் கழற்றிவிட்டு, மரக் கழியால் கட்டைகளை அடிப்பக்கமாகத் தட்டி வெளியே எடுப்பார்கள். இங்கே அதைச் செய்ய வேண்டாம் என்று முடிவு செய்தேன். வீங்கிய கட்டையைத் தட்டினால் அது இன்னும் பரந்து குழாயை விரிக்கும், விரிசல் அடிவரை ஓடிவிடும். ஆகவே தள்ளுவது கிடையாது, இழுப்பது அல்லது உள்ளேயே காலி செய்வது மட்டும்.

அடிப்பக்கத்துக் கட்டை குழாயைக் கவிழ்த்து உலுக்கியதும் விழுந்தது. நடுக்கட்டைக்கு நீளமான மர ஸ்குரூ ஒன்றை நடுவை விட்டுச் சற்று ஒதுக்கி இறக்கி, ஸ்குரூவின் தலையை இடுக்கியால் பிடித்து மெல்லத் திருகித் திருகி இழுத்தபோது வந்தது. இதைச் சாதாரணக் கட்டைக்கு மட்டும்தான் செய்யலாம், அதுவும் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு. ஆல்கலைன் கட்டையில் உள்ளே இருப்பது கடுங்காரம். அதைத் துளைத்தால் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்.

மூன்றாவதற்குத் தலையைக் கழற்றியாக வேண்டும். பைப் ரெஞ்ச் போட்டால் விரிசல் இருக்கும் இடத்தில்தான் முறுக்கு விழும். மரையில் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, இரண்டு பக்கமும் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கையால் திருகியதில் தலை வந்தது. பல்பு மாட்டும் தகட்டை எடுத்ததும் கட்டையின் பித்தளைத் தொப்பி தெரிந்தது. தொப்பியைப் பெயர்த்து, கரித்தண்டை இடுக்கியால் உருவி, சுற்றியிருந்த கறுப்புப் பசையைக் கரண்டிக் காம்பால் சுரண்டி எடுத்தேன். சின்ன வயதில் இந்தக் கரித்தண்டை எடுத்துத் திண்ணையில் எழுதாதவர்கள் எங்கள் தலைமுறையில் குறைவு, ஆகவே வேலை புதிதில்லை. காலியான துத்தநாக டப்பாவை மூக்கு இடுக்கியால் உள்பக்கமாகச் சுருட்டியபோது சுவரை விட்டுத் தானாகவே பிரிந்தது. குழாயின் மேல் கூடுதல் அழுத்தம் எதுவும் விழவில்லை.

கழுவியதும் கழுவாததும்

ஒழுகல் என்றதும் ஆப்ப சோடாத் தண்ணீர் ஊற்றுவது பலருடைய பழக்கம். பசை அமிலத் தன்மை கொண்டது, சோடா அதைச் சமன் செய்யும் என்பது காரணம். இந்த டார்ச்சுக்கு அதை முதலில் செய்யவில்லை. அமோனியம் உப்பு இருக்கும் இடத்தில் காரத்தைச் சேர்த்தால் அமோனியா விடுபடும்; சுண்ணாம்புச் சோதனையில் பார்த்தது அதைத்தான். ஏற்கெனவே விரிந்திருக்கும் பித்தளைக்கு அது வேண்டாத விருந்து. வெறும் வெதுவெதுப்பான தண்ணீரைத் திரும்பத் திரும்ப மாற்றிக் கழுவி, கரையும் உப்பு எல்லாம் போன பிறகு, கரையாத பொருக்குக்கு மட்டும் நீர்த்த வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, மறுபடி தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்தேன்.

ரிஃப்ளெக்டர் கிண்ணத்தில் வட்ட வட்டமாக நுண்ணிய கீறல்கள் இருந்தன. வெள்ளிச் சாமான் துலக்குவது போல யாரோ விபூதி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். முலாம் மெல்லியது, இன்னும் தேய்த்தால் அடியில் இருக்கும் பித்தளை வெளியே வரும். சோப்புத் தண்ணீரில் அலசியதோடு விட்டுவிட்டேன்.

விரிசலுக்கு என்ன செய்தோம்

மூன்று வழிகள் இருந்தன. வெள்ளிப் பற்று வைத்து உயர்ந்த சூட்டில் ஒட்டுவது ஒன்று. பலமானது, ஆனால் 600 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். முலாம் கருகும், குழாயும் இளகிப்போகும். விரிசலின் நுனியில் சின்னத் துளை போட்டு அது மேலே ஓடாமல் தடுப்பது இரண்டாவது. பொறியியல் ரீதியாகச் சரி, ஆனால் பெரியவருக்குத் தன் டார்ச்சில் ஓட்டை போடுவதில் சம்மதமில்லை. மூன்றாவது, 200 டிகிரிக்குள் உருகும் ஈயப் பற்றை உள்பக்கம் வைத்து, அதன் மேல் மெல்லிய பித்தளைத் தகட்டைப் பதிப்பது. இதைத் தேர்ந்தெடுத்தோம்.

வேலையைக் கும்பகோணத்தில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிற ஒருவரிடம் கொடுத்தேன். வளைந்த பரப்பில் சீராகச் சூடு ஏற்றுவதில் அவருடைய கை என் கையை விட எவ்வளவோ மேல். ஒரே ஒரு நிபந்தனை: நவச்சாரம் கூடாது. ஈயம் பூசுபவர்கள் உலோகத்தைச் சுத்தப்படுத்தச் சூட்டோடு சூடாகத் தூவும் நவச்சாரம் அமோனியம் குளோரைடுதான், கட்டையிலிருந்து ஒழுகிய அதே உப்பு. அவருக்கு முதலில் நம்பிக்கையில்லை. “நவச்சாரம் இல்லாம ஈயம் ஓடாது தம்பி, உருண்டு நிக்கும்” என்றார். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்குப் பயன்படும் ரோசின் ஃப்ளக்ஸைக் கொடுத்து, வேறொரு பித்தளைத் துண்டில் ஓடுவதைக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார். தகடு அழகாகப் பதிந்தது.

சுவிட்ச்

டார்ச் மங்கலாக எரிந்ததற்குக் காரணம் பல்பு என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். மூன்று புதுக் கட்டைகளை வெளியிலிருந்து இணைத்து, பழைய பல்பை எரியவிட்டு, சுவிட்சின் இரண்டு முனைகளுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்தபோது 0.5 வோல்ட் காட்டியது. நல்ல சுவிட்சில் அது கிட்டத்தட்டச் சுழியமாக இருக்க வேண்டும். பல்புக்குச் சேர வேண்டியதில் அவ்வளவு வழியிலேயே போய்க்கொண்டிருந்தது.

இழை பல்புகள் இந்த விஷயத்தில் மிகவும் கறாரானவை. மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். அரை வோல்ட் போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிச்சம் காணாமல் போகும், மிச்சமும் சிவந்து எரியும். சுவிட்சின் உள்தகட்டையும், அது உரசும் முனையையும், அடிமூடி மரையையும் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, தகட்டைச் சற்று வளைத்து அழுத்தம் கூட்டியதும் இழப்பு 0.05 வோல்ட்டுக்கு இறங்கியது. புது பல்பு போடாமலே டார்ச் பிரகாசமானது. பழைய டார்ச்சை மாற்றியமைக்க நினைப்பவர்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

பல்பா, எல்இடியா

மகளுடைய விருப்பம் எல்இடி. கட்டைச் செலவு குறையும், இரவில் நடுவழியில் இழை அறுந்து இருட்டாகாது. நியாயமான காரணங்கள். நான் வைத்த வரம்பு ஒன்றுதான்: டார்ச்சின் உடலில் எந்த மாற்றமும் கிடையாது, செய்வது எல்லாம் பல்பு மாட்டும் மரைக்குள் அடங்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் கழற்றிப் பழைய பல்பைப் போட முடிய வேண்டும்.

கடைகளில் மரை பல்புக்குப் பதிலாக அப்படியே மாட்டும் எல்இடிகள் கிடைக்கின்றன. பல வகைகளில் உள்ளே மின்னழுத்தத்தை ஏற்றித் தரும் சிறு சுற்று இருக்கும். கட்டை இறங்க இறங்க அது கூடுதல் மின்னோட்டம் இழுத்து, வெளிச்சத்தைக் கடைசிவரை ஒரே மாதிரி வைத்திருக்கும், பிறகு சட்டென்று அணையும். விளம்பரத்துக்கு நல்ல குணம். இந்த டார்ச்சுக்கு இரண்டு காரணங்களால் ஒத்துவராது. வரப்பில் நடுவழியில் முன்னறிவிப்பு இல்லாமல் அணையும் விளக்கு எழுபது வயதுக்காரருக்கு ஆபத்து. அதோடு, கட்டையின் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சுவதால் துத்தநாகச் சுவர் கரைந்து ஒழுகும் வாய்ப்பும் கூடுகிறது. ஒழுகலால் விரிந்த டார்ச்சுக்குள் அதை வைப்பதில் அர்த்தமில்லை.

ஆகவே செத்த மரை பல்பு ஒன்றின் கண்ணாடியை எடுத்துவிட்டு, அடிப்பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, நடுவில் சின்னச் செம்புத் தண்டை நிறுத்தி, அதன் உச்சியில் 3.5 மில்லிமீட்டர் சதுர எல்இடி ஒன்றைப் பற்றவைத்தேன். உயரம் முக்கியம். பரவளையக் கிண்ணம் அதன் குவியத்தில் இருக்கும் ஒளியைத்தான் நேராக அனுப்பும். இழை எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில் எல்இடியின் முகம் வர வேண்டும். கீழே போனால் நடுவில் இருட்டுப் பொட்டு விழும். இன்னொன்று, இழை பல்புக்குப் பக்கம் கிடையாது, எல்இடிக்கு உண்டு: நடுமுனை நேர்மின், மரை எதிர்மின். கட்டைகளைத் தலைகீழாகப் போட்டால் எரியாது. இதைப் பெரியவரிடம் சொல்லி வைத்தோம்.

மின்னோட்டத்துக்கு முதலில் ஏஎம்சி7135 என்ற சின்ன சிப். 350 மில்லி ஆம்பியரைத் தாண்ட விடாது. பொழுதுபோக்காகச் செய்பவர்கள் பலர் பயன்படுத்துவது. பழைய பல்பு இழுத்த 300 மில்லி ஆம்பியருக்குப் பக்கத்தில்தான் இதுவும், ஆனால் வெளிச்சம் எட்டுப் பத்து மடங்கு. நிறத்தில் இரண்டு வகை தயார் செய்தேன்: 6500 கெல்வின் வெள்ளை ஒன்று, நிறங்களைச் சரியாகக் காட்டும் 3000 கெல்வின் மஞ்சள் ஒன்று.

வயலில் பார்த்தது

அறைக்குள் சுவரில் அடித்துப் பார்த்து முடிவெடுக்காமல், பெரியவரோடு இருட்டிய பிறகு வரப்புக்குப் போனோம். வழியில் வைக்கோல், பழுப்பு நிறத் தாம்புக்கயிறு, காய்ந்த பனை மட்டை இவற்றைப் போட்டுவிட்டு இரண்டு எல்இடிகளையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தோம்.

வெள்ளை எல்இடியில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன, ஆனால் கயிறும் வைக்கோலும் ஒரே வெளிறிய நிறத்தில் கலந்தன. மலிவான வெள்ளை எல்இடிகளில் சிவப்புப் பகுதி குறைவு. பழுப்பும் மஞ்சளும் அதில் பிரிந்து தெரியாது. கண்ணாடி விரியனின் உடல் நிறமே அந்தப் பழுப்புதான் என்பதை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை. மஞ்சள் எல்இடியில் கயிறு சில எட்டு தூரத்திலேயே தனியாகத் தெரிந்தது. பெரியவர் இரண்டாவது யோசனை இல்லாமல் மஞ்சளைத் தேர்ந்தெடுத்தார்.

ஆனால் பிரகாசம் அவருக்குப் பிடிக்கவில்லை. “காலடி தெரியுது தம்பி, அதுக்கு அங்கிட்டு ஒண்ணுமே தெரியலை” என்றார். வயலில் நின்ற தண்ணீரில் பட்டு ஒளி திரும்பி முகத்தில் அடித்தது. இருட்டுக்குக் கண் முழுவதும் பழக அரை மணி நேரம் போலத் தேவைப்படும். அருகில் கண்கூசும் வெளிச்சம் விழுந்தால் அந்தப் பழக்கம் போய்விடும். வயதானால் கூச்சம் இன்னும் அதிகம். மகள், “போகப் போகப் பழகிடும்பா” என்று சொல்லிப் பார்த்தார். நான் பெரியவர் பக்கம்.

சிப்பை எடுத்துவிட்டு, மின்னோட்டத்தைக் குறைக்க 15 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்றை வைத்தேன். புதுக் கட்டைகள் 4.5 வோல்ட், எல்இடி சுமார் 2.75 வோல்ட், மிச்சத்தை 15ஆல் வகுத்தால் 117 மில்லி ஆம்பியர். பழைய பல்பைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வெளிச்சம், மின்னோட்டமோ அதில் பாதிக்கும் கீழே. கட்டை இறங்க இறங்க வெளிச்சமும் மெல்ல இறங்கும், பழைய டார்ச் மாதிரியே. கட்டை ஒவ்வொன்றும் 1 வோல்ட் அளவுக்கு வந்ததும் எல்இடி மினுங்கலாகிவிடும், அதற்கு மேல் அது இழுப்பது சொற்பம். சுவிட்சை மறந்து விட்டுவிட்டாலும் இழை பல்பு போலக் கட்டையைச் சாகடிக்காது. சூடும் பிரச்சினையில்லை; எல்இடியும் ரெசிஸ்டரும் சேர்ந்து அரை வாட்டைச் சுற்றித்தான்.

கட்டை விஷயத்தில் நான் சொன்னது எடுபடவில்லை. ஒழுகும் வாய்ப்பு குறைவான, திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு சிறு கட்டைகளைப் பெரிய கட்டை அளவு உறையில் போட்டுக்கொள்ளலாம் என்றேன். ஊர்க் கடையில் கிடைப்பதைத்தான் போடுவேன் என்றார் பெரியவர், இரவு பத்து மணிக்குக் கட்டை தீர்ந்தால் சார்ஜருக்குக் காத்திருக்க முடியாது. சரி என்று, பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் குழாயின் உள்ளளவுக்குச் சுருட்டி உறையாக வைத்தேன். எதிர்மின் தொடர்பு அடிமூடி ஸ்பிரிங் வழியேதான் என்பதால் கட்டையின் பக்கச் சுவர் குழாயைத் தொட வேண்டியதில்லை. மூன்று கட்டையையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும், வெயிலில் வைத்தது உள்ளே போகக் கூடாது என்பதை மகள் பொறுப்பில் விட்டோம். பழைய பல்பு அடிமூடிக்குள் அதன் இடத்துக்கே போனது.

அடுத்த மழைக்குப் பிறகு

ஒரு சம்பாப் பருவம் முழுவதும் டார்ச் ஒழுங்காக வேலை செய்தது. கட்டை மாற்றுவது வெகுவாகக் குறைந்தது என்று மகள் சொன்னார். ஐப்பசி மழை முடிந்ததும் பிரித்துப் பார்க்க வாங்கினேன். ஒரு கட்டை லேசாகக் கசிந்திருந்தது. கசிவு ஃபிலிமுக்குள்ளேயே நின்றிருந்தது. ஈயப் பற்று வைத்த இடம் அப்படியே இருந்தது.

ஆனால் அதற்கு எதிர்ப்பக்கம், மரையின் விளிம்பிலிருந்து, புதிதாக ஒரு விரிசல் தொடங்கியிருந்தது. சாக்பீஸ் சோதனையிலும் அதுவே தெரிந்தது. புதுக் கசிவு அந்த இடத்தைத் தொடவில்லை. மரைப் பள்ளங்களில் பழைய உப்பு கொஞ்சம் ஒட்டியிருந்து, மழைக்கால ஈரத்தில் மறுபடி வேலை செய்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். உலோகத்தின் உள் இறுக்கத்தை நாங்கள் எதுவும் செய்யவில்லை, அது இருந்த இடத்தில் இருந்தது.

இரண்டு விரிசல் உள்ள குழாயைத் தொடர்ந்து பயன்படுத்தினால் ஒரு நாள் இரவு வயலில் தலை கழன்று விழும். பயன்பாட்டிலிருந்து எடுத்துவிடலாம் என்று சொன்னேன். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு, “அப்ப உள்ள இருக்கிற லைட்டு?” என்று கேட்டார். அது மரையோடு கழன்று வந்துவிடும் என்பதால், பழைய சாமான் கடையில் அதே மரையும் மூன்று கட்டையும் கொண்ட தகர டார்ச் ஒன்றை வாங்கி, சுவிட்சைச் சுத்தம் செய்து, எல்இடியை அதில் மாட்டிக் கொடுத்தேன். கிண்ணத்தின் ஆழம் வேறாக இருந்ததால் செம்புத் தண்டைச் சற்றுக் குறைக்க வேண்டியிருந்தது. இப்போது வயலுக்குப் போவது அந்தத் தகர டார்ச். பித்தளை டார்ச் கட்டை இல்லாமல், பழைய பல்போடு, வீட்டு அலமாரியில் இருக்கிறது.

இனி செய்வதில் மாறுபவை

ஒழுகிய பித்தளை டார்ச் வந்தால் முதல் கேள்வி, இதற்கு என்ன பாலிஷ் போட்டீர்கள் என்பது. அமோனியா கலந்தது என்றால் வெளிப்பக்கத்தையும் உடனே தண்ணீரில் அலச வேண்டும்.

மரைப் பள்ளங்களைத் துடைத்தால் மட்டும் போதாது. பழைய பல் துலக்கும் பிரஷால் வரிசை வரிசையாகத் தேய்த்து, கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீருக்குப் பதில் காய்ச்சி வடித்த நீர் பயன்படுத்தி, அந்த நீரில் சுண்ணாம்பு போட்டு நெடி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் காயவைக்க வேண்டும்.

உள் இறுக்கத்தைத் தணிக்க 250 முதல் 300 டிகிரி வரை ஒரு மணி நேரம் சூடாக்கும் முறை உண்டு. தோட்டா உறைகளுக்கும் இப்படிப்பட்ட குறைந்த சூட்டுப் பக்குவம்தான் தீர்வாக வந்தது. இங்கே அதைச் செய்யாததற்குக் காரணம், சுவிட்ச் பகுதியில் ஏற்கெனவே இருந்த ஈயப் பற்றும் முலாமும். பற்று உருகிவிடும், முலாம் நிறம் மாறலாம். எல்லாப் பாகங்களையும் கழற்ற முடிகிற குழாயாக இருந்தால், பற்று வைப்பதற்கு முன் இதைச் செய்துவிடலாம். விரிசல் விட்ட பழைய குழாய் ஒன்றில் முதலில் பரிசோதிக்க எடுத்து வைத்திருக்கிறேன்.

வெளிச்சத்தின் அளவை மேசையில் முடிவு செய்யாமல், பயன்படுத்துபவர் நடக்கும் இடத்தில் நின்று முடிவு செய்ய வேண்டும். மாற்றி மாட்ட 15, 33, 68 ஓம் என்று சில ரெசிஸ்டர்களோடு போனால் போதும், சிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்.

மகள் இப்போது தன் வீட்டுக்கு இரண்டு கட்டை டார்ச் ஒன்றுக்கும் இதே மாதிரி கேட்கிறார். இரண்டு கட்டையில் புதிதாக இருக்கும்போதே 3 வோல்ட்தான், எல்இடிக்கே 2.75 வேண்டும்; ரெசிஸ்டர் முறை ஒருசில நாளில் மங்கிவிடும். மின்னழுத்தம் ஏற்றும் சுற்று வைத்தால் ஒழுகல் பயம் திரும்ப வரும். அது பிளாஸ்டிக் உடல், வீட்டுக்குள் மின்வெட்டுக்கு மட்டும் பயன்படுவது என்பதால், ஏற்றும் சுற்றோடு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கட்டை போடலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் வீட்டில் சார்ஜர் இருக்கிறது.